யார் கைக்கும் வரும்

மே 13

இன்றும் கழுவல்தான். காலையிலிருந்து ஃப்ளாஸ்க் ஃப்ளாஸ்காகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் கோடைகால வேதியியல் ஆராய்ச்சிப் பயிற்சி என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள், விரல் நுனி சுருங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா போனில் "என்னடி கண்டுபிடிச்ச?" என்று கேட்டாள். "சோப்பு சரியில்லன்னு கண்டுபிடிச்சேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பாத்துடி, எதையும் உடைச்சு வெச்சிடாத" என்றாள். அதைச் சொல்லாமல் அவளால் போனை வைக்க முடியாது.

அப்பாவுக்குக் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, படச் சட்டம். நான் பிறந்த வாரம் கடையின் பரண் சரிந்து மொத்த சரக்கும் நொறுங்கியதாம். அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அன்றிலிருந்து நான் ராசியில்லாதவள். காலையில் முதல் போணி ஆகும்வரை கடைப் படி ஏறக் கூடாது. யாரும் திட்ட மாட்டார்கள். "நீ அப்புறமா வாம்மா" என்பார் அப்பா, அவ்வளவு அன்பாக. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மே 15

என்னை ஓர் அக்காவிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குக் கடைசி வருஷம். கொண்டையில் பேனாவைச் செருகிவிட்டு மேசை முழுக்கப் பேனாவைத் தேடுகிறார். வீட்டுக்காரரும் நாலு வயதுப் பெண்ணும் வேறு ஊரில். அங்கேயே ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை காத்திருக்கிறதாம். ஆனால் ஆகஸ்ட் முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். உதவித்தொகையும் அதோடு நின்றுவிடும்.

எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஓர் அத்தியாயத்தைத் தவிர.

அது என்னவென்று எனக்குப் புரிந்தமட்டும்: இரண்டு மூலக்கூறுகளை ஒட்ட வைக்க வேண்டும். உலகமே அதற்குப் பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தைப் போடுகிறது. இரண்டு வருஷம் முன்பு அக்கா அதைப் போடாமலே செய்து பார்த்தார், ஒட்டிக்கொண்டது. சார் துள்ளிக் குதித்தாராம். (சார் என்றால் இந்த ஆய்வகத்தின் பேராசிரியர். அவர் துள்ளிக் குதிப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.) அப்புறம் வரவே இல்லை. "மூணு தடவ வந்துச்சு. அதோட ஒளிஞ்சுக்கிச்சு" என்றார் அக்கா, ஏதோ பூனையைப் பற்றிச் சொல்வது போல.

கலக்குவதற்கு ஃப்ளாஸ்க்குக்குள் ஒரு மேக்னட் போடுவோம். மாத்திரை மாதிரி வெள்ளையாக இருக்கும், அடியிலிருக்கும் தட்டை முடுக்கினால் உள்ளே சுற்றும். புதிதெல்லாம் ஸ்டோரில், ஸ்டோர்காரர் விடுப்பில், சாவி அவரிடம். அக்கா மேசையின் கடைசி டிராயரைக் குடைந்து ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் சாம்பல் பூத்தது போல் கறை. "இத வெச்சுக்கோ. பாக்க நல்லா இல்ல, ஆனா சுத்தும்."

எனக்கு ஏற்ற ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 20

வந்துவிட்டது!

ஆச்சரியக்குறி போட்டதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருக்கட்டும். கை பழகட்டும் என்றுதான் அக்கா தன்னுடைய பழைய ரியாக்‌ஷனையே எனக்குக் கொடுத்தார். சமையல் பழகுகிறவளை முதலில் வெந்நீர் வைக்கச் சொல்வது போல. சாயங்காலம் சின்னத் தகட்டில் ஒரு சொட்டுப் புள்ளி வைத்து விளக்குக்கு அடியில் காட்டினேன். பழைய புள்ளி மங்கி, அதற்குக் கீழே புதுப் புள்ளி. ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அக்கா தகட்டைத் திருப்பிப் பார்த்தார். வேறு தகட்டில் தானே வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு இன்னொரு தடவ பண்ணு. எதையும் மாத்தாத."

மே 22

மறுபடி வந்தது. நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு ஒட்டியிருக்கிறது.

மே 23

சார் இன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நீ எந்தக் காலேஜ்?" சொன்னேன். கேள்விப்பட்டதில்லை என்பதை மறைக்க முயன்றார். பாவம், முடியவில்லை.

மே 28

என் கைக்கு வருகிறது, அக்கா கைக்கு வரவில்லை.

ஒரே பாட்டில், ஒரே தராசு, ஒரே நாள். என் ஹூட்டில் (புகை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டு) புள்ளி வருகிறது, பக்கத்து ஹூட்டில் அக்கா வைத்தது சாயங்காலம்வரை செத்துக் கிடக்கிறது. அக்கா என் ஃப்ளாஸ்க்கை வாங்கிப் பார்த்தார். என் இடத்தில் நின்று பார்த்தார். என்னையே பொருள்களை எடைபோடச் சொல்லி வாங்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இங்கே நக்கலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி மாணவர் இருக்கிறார். மனசுக்குள் அவருக்கு எகத்தாளம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் அக்காவிடம், "அந்தப் பொண்ணோட வெள்ள கோட்டையும் வாங்கிப் போட்டுப் பாருங்களேன்" என்றார். அக்கா திட்டப்போகிறார் என்று நினைத்தேன். என் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கோட்டுக்கும் வரவில்லை.

சார் வந்து பார்த்துவிட்டு, "சில பேருக்குக் கைராசி. விளக்கம் பின்னாடி தேடிக்கலாம். மிச்சத்தையெல்லாம் இவளையே பண்ணச் சொல்லு" என்றார். சுவரெல்லாம் பட்டங்களை மாட்டி வைத்திருக்கும் மனிதர் வாயிலிருந்து கைராசி. எகத்தாளம் எனக்குப் பெரிய கும்பிடு போட்டார். இன்றிலிருந்து எனக்குப் பட்டப்பெயரும் கிடைத்துவிட்டது. கைராசிக்காரி.

ஜூன் 2

வீட்டுக்குப் போன். எனக்குக் கைராசி என்று சார் சொன்னதைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"உன் கைக்கா?" என்றாள் அம்மா.

"என் கைக்குத்தான்."

அப்பாவிடம் சொல்வது கேட்டது, "இந்தாங்க, இவ என்னமோ சொல்றா." அப்பா வாங்கி, "நல்லதும்மா, நல்லது" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுதாரா என்ன? எனக்குத்தான் கண் கலங்கியது, அதை எதற்கு அவர் தலையில் கட்டுகிறேன்.

இருபது வருஷமாக இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

ஜூன் 6

அக்காவின் மகள் வீடியோவில் வந்தாள். அம்மா வெளியூரில் பாட்டில் கழுவும் வேலை பார்ப்பதாக அவளுக்கு எண்ணம். "இன்னும் எத்தன பாட்டில்மா?" என்றாள். அக்கா, "கொஞ்சம்தான்டா கண்ணு" என்று போனை என் பக்கம் திருப்பினார். "இந்தா பாரு, இந்தச் சித்திதான் அம்மாவுக்கு ஒத்தாசை. சித்தி சீக்கிரம் கழுவிட்டா அம்மா சீக்கிரம் வந்துடுவேன்." குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது. "சோப்பு போட்டுக் கழுவுங்க" என்றது.

ஓய்வே இல்லை. ஒன்று மாற்றி ஒன்றாக வைக்கிறேன், எல்லாம் வருகின்றன. அக்கா கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். தலைப்பிலேயே ‘உலோகம் இல்லாமல்’ என்று இருக்கிறது. என் பெயரும் அதில் வரும் என்றார்.

ஜூன் 12

என் சாம்பல் மேக்னட்டைக் காணோம். கழிவு ஊற்றும்போது சேர்த்து ஊற்றிவிட்டேன் போல. கவனக்குறைவு. புதியது ஒன்று வாங்கிப் போட்டேன்.

இன்றைக்குப் புள்ளி வரவில்லை.

ஜூன் 13

இன்றும் இல்லை. அக்காவிடம் "தண்ணி பட்டிருக்கும்க்கா" என்று ஏதோ சொல்லி வைத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எகத்தாளம், "என்ன, கண்ணு பட்டுடுச்சா?" என்றார். சிரித்து மழுப்பினேன்.

போய்விட்டது. எனக்குத் தெரியும், இது நிலைக்காது என்று முதல் நாளே தெரியும். ராசி என்ன என் அப்பன் வீட்டுச் சொத்தா?

ஜூன் 16

கழிவுக் கேனுக்குள் நீளக் காந்தக் கோலை விட்டுத் துழாவினேன். எத்தனையோ பேர் தொலைத்த மேக்னட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தன. என்னுடையதும் இருந்தது, அதே சாம்பல் முகம். கழுவித் துடைத்துப் போட்டேன். பழகினதே போதும், அதையே வைத்துக்கொள்வோம் என்றுதான் போட்டேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை.

புள்ளி வந்துவிட்டது.

சந்தோஷப்படவேண்டியவள் விளக்கை அணைக்காமல் தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூன் 18

ஒரே கலவையை இரண்டு ஃப்ளாஸ்க்கில் பாதிப் பாதியாக ஊற்றினேன். ஒன்றில் புது மேக்னட், மற்றதில் சாம்பல். புதியதில் ஒன்றுமில்லை. சாம்பலில் வந்தது. பிறகு சாம்பலை எடுத்துத் துடைத்துச் செத்துக் கிடந்த ஃப்ளாஸ்க்கில் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதுவும் எழுந்துவிட்டது.

எனக்கு முன்னால், அக்காவுக்கும் முன்னால், அந்த மேசையில் ஒருவர் பல்லேடியத்திலேயே நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். இதை முதல் வாரம் அக்காவே பேச்சுவாக்கில் சொன்னார். மேக்னட்டின் மேலிருக்கும் பிளாஸ்டிக் தோல் பழசாகி வெடிப்பு விட்டால் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் விடாது. அந்தக் கறை வெறும் அழுக்கு இல்லை.

நாங்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். பாட்டில் எண், அறையின் சூடு, எந்த ஹூட். கோட்டைக்கூட மாற்றிப் பார்த்தோம். எந்த மேக்னட் என்று யாரும் எழுதவில்லை. கரண்டியைப் பற்றி எந்தச் சமையல்காரி எழுதி வைக்கிறாள்?

ஜூன் 19

ஆக, உலோகம் இல்லாமல் அது நடக்கவே இல்லை. ஒரு தடவைகூட.

என் கைக்கும் ஒன்றும் வரவில்லை.

ஜூன் 23

யாரிடமும் சொல்லவில்லை. மேக்னட்டை இப்போது கோட்டுப் பையிலேயே வைத்திருக்கிறேன். ரியாக்‌ஷன் வைக்கும்போது யாரும் பார்க்காதபடி போடுகிறேன், முடிந்ததும் எடுத்துக்கொள்கிறேன். திருட்டு மாதிரிதான் இருக்கிறது. புள்ளி வருகிறது. சார் தலையாட்டுகிறார். "கைராசிக்காரி" என்று எகத்தாளம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? அக்காவுக்காகவா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று அம்மா போனில், "வந்ததும் ஒரு நாள் காலைல நீயே கடையத் திறம்மா, அப்பா சொன்னார்" என்றாள். அதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வேன். எனக்கு அது வேணும். ரொம்ப வேணும். அவ்ளோதான்.

ஜூன் 25

அக்கா மகளுக்கு ஸ்கூல் பை வாங்கியிருக்கிறார். ஊரில் கிடைக்காதா என்று கேட்டால் சிரிக்கிறார். மேசையில் ஃப்ளாஸ்க்குகளுக்கு நடுவே அந்த மஞ்சள் பை.

கட்டுரை அடுத்த வாரம் போகிறதாம். "வெளியில யாராவது பண்ணிப் பாத்துட்டு வரலன்னு எழுதினா, உன் வீட்டு அட்ரஸக் குடுத்துடுவேன், நீ போய்ப் பண்ணிக் காட்டணும்" என்றார் அக்கா விளையாட்டாக.

நானும் சிரித்தேன். எழுதுவார்கள்தான். நூறு பேர் செய்து பார்ப்பார்கள், ஒருத்தர் கைக்கும் வராது. நான் அப்போது வீட்டில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கல்லூரியில், புது வேலையில், மகள் பக்கத்தில் இருக்க, பதில் சொல்லவேண்டியவர் அக்கா. பொய் சொல்லவில்லை என்று யார் நம்புவார்கள்?

ஜூன் 27

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. "அக்கா, இதுதான்க்கா. என் கை இல்ல, இதுதான்" என்றேன். பிறகு இரண்டு ஃப்ளாஸ்க் செய்ததைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

அக்கா வெகுநேரம் அதைத் தொடவில்லை.

"வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

எனக்குப் பயமாகிவிட்டது. அவர் குரல் அப்படி நான் கேட்டதே இல்லை. "யாருக்கும் தெரியாதுக்கா."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"போன வாரம்."

"போன வாரம்" என்று அவரும் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி நானும் இதைத்தான் போட்டிருப்பேன். அப்புறம் புதுசு வந்துச்சு, இத டிராயர்ல தள்ளிட்டேன்" என்று மேக்னட்டிடம் சொல்வது போலச் சொன்னார். "திங்கக்கிழம வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காத."

மேக்னட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மஞ்சள் பையைக் காணோம், வீட்டுக்கு அனுப்பிவிட்டாரா என்று தெரியவில்லை.

என்ன செய்வார்? இது இருக்கும்வரை கட்டுரைக்கு வேண்டியதெல்லாம் செய்துகொள்ளலாம். யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் வாயைத் திறக்காதே என்று சொல்லியாகிவிட்டது.

ஜூன் 28

சனிக்கிழமை. விடுமுறைதான், ஆனாலும் போனேன். ஹூட்டின் முன்னால் அக்கா நின்றிருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கடும் அமிலக் கலவை ஒரு பீக்கரில் தயாராக இருந்தது. எவ்வளவு நேரமாக அதன் முன்னால் நிற்கிறாரோ.

"வந்துட்டியா. தனியா போட மனசு வரல" என்றார்.

இடுக்கியில் மேக்னட்டைப் பிடித்திருந்தார். போட்டுவிட்டால் அதிலிருக்கும் உலோகமெல்லாம் கரைந்துவிடும். அதற்குப் பிறகு ஏமாற்ற நினைத்தாலும் முடியாது. உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது. "அக்கா, வேணாம்க்கா, கொஞ்சம் யோசிச்சுட்டு" என்று என் வாய்தான் சொன்னது. உண்மையைச் சொன்னவள் நான், கையைப் பிடித்து இழுப்பவளும் நான்.

"ராத்திரி பூரா யோசிச்சாச்சு. இன்னும் யோசிச்சா போட மாட்டேன்."

போட்டுவிட்டார்.

கறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அமிலம் வெளிர் மஞ்சளாக மாறியது. வெளியே எடுத்தபோது மேக்னட் புதிது போல வெள்ளையாக இருந்தது. அதைப் போட்டு ஒரு ரியாக்‌ஷன் வைத்தோம். சாயங்காலம்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. அமிலத்தில் ஒரு துளியைச் சோதிக்கச் சொல்லிக் கருவி அறைக்குக் கொடுத்திருக்கிறோம். என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஜூன் 30

கருவி அறை முடிவு: பல்லேடியம்.

வாராந்தரக் கூட்டம். அக்கா எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. ‘உலோகம் இல்லாமல்’ என்பது இல்லை, கட்டுரையை நிறுத்த வேண்டும் என்றார். எகத்தாளம்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த அழுக்கு மேக்னட்ட யார் எடுத்தது?"

அக்கா பேசவில்லை. கையில் பிடித்திருந்த தாளை மடித்தார், மறுபடி மடித்தார். நான் பார்த்தேன். அவர் இருந்த இருப்பில் இன்னும் ஒரே ஒரு சொல் விழுந்தால் உடைந்துவிடுவார் போலிருந்தது.

"நான்தான் சார்" என்றேன்.

"ஒரு மேக்னட்டைப் பாத்து எடுக்கத் தெரியல. இதுக்குத்தான் நான் தெரியாத காலேஜ்லேர்ந்து ஆள் எடுக்கறதில்ல" என்றார் சார். கோபமாகக்கூட இல்லை, குறிப்பு எடுத்துக்கொள்வது போல. கூட்டம் முடிந்தது.

அக்கா கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 1

ஏன் சொல்லல? நீங்கதானே குடுத்தீங்க? "பாக்க நல்லா இல்ல, ஆனா சுத்தும்"னு உங்க கையாலதானே குடுத்தீங்க? நான் பாட்டுக்குக் கழுவிக்கிட்டு இருந்தேன். ஒரு வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? அவ்வளவு பெரிய உண்மையச் சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு இந்தச் சின்ன உண்மைய சொல்ல வாய் வரலியா?

நான்தான் முந்திக்கொண்டேன். தெரியும். இருந்தாலும்.

ஜூலை 4

கடைசி நாள். மேசையைத் துடைத்தேன், ஃப்ளாஸ்க்குகளைக் கழுவிக் கவிழ்த்தேன். வந்த முதல் நாள் செய்த அதே வேலை.

சார் கடிதம் கொடுத்தார். மேற்படிப்புக்கு வேண்டும் என்று நான் கேட்டிருந்தது. இரண்டு வரி. நேரம் தவறாமல் வந்தேனாம், பணிவாக நடந்துகொண்டேனாம். இதைக் காட்டினால் எங்கே இடம் கிடைக்கும்? வாசலில் காவலுக்கு நிற்கலாம்.

அக்கா பேருந்து நிறுத்தம்வரை வந்தார். ஆகஸ்ட்டுக்குள் முடியாது, இன்னொரு வருஷம் கேட்டிருப்பதாகச் சொன்னார். கல்லூரி வேலை போய்விடும். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அவர் கொண்டையிலிருந்த பேனா விழப்போவதைப் பார்த்துச் சரியாகச் செருகிவிட்டேன்.

"அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"பரவால்லக்கா."

"பரவால்ல இல்ல. நாக்கு எழல."

பேருந்து வந்துவிட்டது.

ஜூலை 9

வீடு. அம்மாவிடம் சொன்னேன், கைராசியெல்லாம் இல்லை, அது மேக்னட்டில் ஒட்டியிருந்த உலோகம் என்று. அவளுக்கு முழுக்கப் புரிந்ததா தெரியவில்லை. "அதானே பாத்தேன்" என்றாள். சொன்னபிறகு அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

காலையில் கடைக்குக் கிளம்பினேன். "நீ அப்புறமா வாம்மா" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 31

இன்றோடு அக்காவின் உதவித்தொகை முடிகிறது. போன் செய்ய எடுத்தேன், செய்யவில்லை.

அக்டோபர் 8

விண்ணப்பித்த மூன்று இடத்திலும் இல்லை.

நவம்பர் 15

அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். அம்மா காலையில் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கிறாள், எனக்குத் தெரியாதா. நான் கையை நீட்டினேன். தரவில்லை. நீட்டிய கையை நானும் எடுக்கவில்லை. கடைசியில் தந்தாள்.

முதல் ஆள் ஒரு தச்சர். ஜன்னலுக்கு இரண்டு துண்டு கேட்டார். அளந்தேன், வெட்டினேன், ஓரம் தேய்த்துக் கொடுத்தேன். ஒன்று சரியாக வந்தது. மற்றது விரிசல் விட்டது. வேறு எடுத்து வெட்டினேன். பலகையில் ஒரு துணுக்குக் கல் கிடந்திருக்கிறது, அதன்மேல் வைத்து அழுத்தியிருக்கிறேன். கல்லைத் தேடி எடுத்துத் தூர எறிந்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தேன். முன்பென்றால் அழுதுவிட்டு வீட்டுக்கு ஓடியிருப்பேன்.

மத்தியானம் அக்கா போன் செய்தார். நாலு மாதம் கழித்து. இப்போது பல்லேடியத்தைத் தெரிந்தே போடுகிறார்களாம், கண்ணுக்கே தெரியாத அளவு. உலகம் போடுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவே போதுமாம். அத்தியாயம் அப்படித்தான் எழுதப்படுகிறது.

"எகத்தாளம் கைக்கும் வருது" என்றார். (அந்தப் பெயரை நான் அவரிடம் எப்போது சொன்னேன்?) "போன வாரம் சேந்த பொண்ணு கைக்கும் வருது. என் கைக்கும் வருது. யார் கைக்கும் வருது இப்ப."

நல்லதுக்கா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"சார்கிட்ட சொல்லிட்டேன், அந்த மேக்னட்ட எடுத்துக் குடுத்தது நான்தான்னு."

"என்ன சொன்னார்?"

"எந்த மேக்னட்னு கேட்டார்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அக்டோபரில் அழ வேண்டியது பாக்கி இருந்தது போல. அந்த ஆசிரியர் வேலையில் வேறு யாரோ சேர்ந்துவிட்டார்களாம். அடுத்த கோடைக்குள் முடித்துவிடுவேன் என்றார்.

"பாப்பா எப்படி இருக்கா? இன்னும் எத்தன பாட்டில்னு கேக்கறாளா?" என்றேன்.

"நல்லா இருக்கா. ஸ்கூல் போறா, அந்த மஞ்சப் பை எடுத்துக்கிட்டு" என்றார் அக்கா. "இப்பெல்லாம் கேக்கறதில்ல."

கடைக்கு யாரோ வந்து நின்றார்கள். வைக்கிறேன்க்கா என்றேன்.